மரினா பே க்ரூஸ் டெர்மினல், சிங்கப்பூர்: எத்தனை மணிக்குப் போய் நிற்பது?

கோவை பீளமேட்டில் ராத்திரி விமானம் ஏறினால் விடியும்போது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். அதனால்தானோ என்னவோ, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்க்காரர்கள் பலருக்கும் முதல் க்ரூஸ், அதாவது சொகுசுக் கப்பல் பயணம், சிங்கப்பூரில்தான் வாய்க்கிறது. குடும்பமாகப் போகிறவர்கள் ஒரு பக்கம். பம்புசெட், பெயின்ட், சிமென்ட் கம்பெனிகள் டார்கெட் முடித்த டீலர்களைக் கூட்டமாக அழைத்துப் போவது இன்னொரு பக்கம். கப்பலில் என்ன சாப்பாடு, என்ன ஷோ என்பதை விளம்பரமே சொல்லிவிடும். ஏறுகிற நாளில் எத்தனை மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டடம் நன்று, குளிர்சாதனம் உண்டு, ஊழியர்கள் பொறுமையானவர்கள், வழிகாட்டும் பலகைகள் தெளிவு. மாலை 5 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்குப் பகல் 12:30 முதல் 2 மணிக்குள் போய் நின்றால் மட்டும் இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாது, முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். கைப்பையோடு போகிற இளசுகள் என்றால் கப்பல் ஏற ஒதுக்கும் நேரங்களில், அதாவது ஸ்லாட்டுகளில், முதலாவதை எடுங்கள். அப்பிச்சி, அம்மாயி, கைக்குழந்தை என்று போகிற குடும்பம் 2 மணியிலிருந்து 2:45-க்குள் போங்கள். கப்பல் 4 மணிக்குக் கிளம்புகிறது என்றால் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் கல்யாணப் பந்திக் கணக்குதான் இது. முதல் பந்திக்கு இடம் பிடிக்கத் தெரிந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டு எழுவார்கள். இரண்டாம் பந்திக்கு நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். மூன்றாம் பந்தியில் கூட்டம் வடிந்திருக்கும், பரிமாறுகிறவருக்கும் முகம் பார்த்துக் கேட்க நேரம் இருக்கும். க்ரூஸில் மூன்றாம் பந்திக்கும் பதார்த்தம் தீர்ந்துபோகாது என்பது கூடுதல் வசதி.

நடுப்பகல் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் ஸ்லாட் எடுக்கும்போது குழப்பம் வராது. இந்த டெர்மினல் 2012-ல் திறந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பெரிய கப்பல்கள் நிற்கலாம். திறந்தபோது 6,800 பயணிகளைக் கையாளும் அளவுக்குக் கட்டியிருந்தார்கள். ராயல் கரீபியன் கம்பெனியின் குவாண்டம் வகைக் கப்பல் ஒன்றிலேயே நாலாயிரம் பேருக்கு மேல் போகலாம். அன்று காலையில் வந்து நிற்கும் கப்பலிலிருந்து முதலில் அத்தனை பேரும் இறங்க வேண்டும். எல்லோரும் இறங்கியாயிற்று என்று கணக்குச் சரியானால்தான் புதியவர்களை ஏற்றுவார்கள். அதற்குள் அறைகளைச் சுத்தம் செய்து, படுக்கை மாற்றி, காய்கறி முதல் குடிநீர் வரை ஏற்றியாக வேண்டும். ஆகவே போர்டிங் ஏறக்குறைய 11:30, 12 மணிவாக்கில் தொடங்கும். காலையில் கப்பல் தாமதமாக வந்தாலோ, யாரோ ஒருவர் இறங்காமல் கணக்கு இடித்தாலோ 11:30 ஸ்லாட்காரர்கள்தான் முதலில் காத்திருப்பார்கள். அந்தத் தேக்கம் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளின் தலையில் ஏறி, 1 மணிக்கு உச்சத்துக்குப் போகும். ஹோட்டல் அறையைக் காலி செய்யும் நேரமும் பெரும்பாலும் 11 அல்லது 12 மணிதான். காலி செய்தவர்கள் நேரே டெர்மினலுக்கு வந்துவிடுவார்கள். குரூப் டூர் பஸ்களும் காலையில் ஊர் சுற்றிக் காட்டி, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 1 மணி சுமாருக்கு நாற்பது பேரை மொத்தமாக இறக்கும்.

இரண்டு கப்பல்கள் ஒரே நாளில் நிற்கின்றனவா என்பதை டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடலாம். எந்தத் தேதியில் எந்தக் கப்பல் என்ற அட்டவணையை டெர்மினலின் இணையதளத்திலேயே போடுகிறார்கள். இரண்டு என்றால் உள்ளே மட்டுமில்லை, வெளியே டாக்ஸி இறங்குமிடத்திலும் நெரிசல்தான்.

ஸ்லாட் என்பது ஆன்லைன் செக்-இன் செய்யும்போது நாமே எடுப்பது. பெரும்பாலும் அரை மணிக்கு ஒன்று. முன்நேர ஸ்லாட்டுகள் திறந்த அன்றே தீர்ந்துவிடும். ஏஜென்ட் மூலம் பதிந்தவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஏஜென்ட் செக்-இன் செய்து, மிச்சம் கிடக்கும் ஏதோ ஒரு நேரத்தை அனுப்பிவைப்பார். டிக்கெட் போட்ட அன்றே புக்கிங் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், செக்-இன் எந்தத் தேதியில் திறக்கும் என்றும் கேட்டு வையுங்கள். மாமன் மச்சான் இரண்டு மூன்று அறைகளில் போகிறீர்கள் என்றால் எல்லா அறைக்கும் ஒரே ஸ்லாட்டாகப் பாருங்கள். வேறு வேறாக அமைந்துவிட்டால் பிந்திய நேரத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவது நல்லது. முந்திய நேரத்துக்குப் போனால் பிந்திய ஸ்லாட்காரர்களை ஓரமாக நிற்கச் சொல்ல ஊழியர்களுக்கு உரிமை உண்டு.

இனி, வரிசை உண்மையில் எங்கே நிற்கிறது என்பது. முதல் வேலை பெரிய பெட்டிகளை ஒப்படைப்பது. வாசலருகே போர்ட்டர்கள் வாங்கிக்கொள்வார்கள், ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். லக்கேஜ் டேக்கை வீட்டிலேயே அச்சிட்டு, மடித்து, ஒட்டுநாடா சுற்றிக் கைப்பிடியில் மாட்டியிருக்க வேண்டும். அங்கே போய்ப் பேனா தேடுகிறவர்களால்தான் அந்த இடமே அடைத்துக்கொள்கிறது. அடுத்தது செக்-இன் கவுன்டர். பிறகு பாதுகாப்புச் சோதனை. கடைசியாக இமிகிரேஷன். இந்த நான்கில் நமக்கு அதிக நேரம் பிடிப்பது செக்-இன் கவுன்டர்தான்.

காரணம் நம் பாஸ்போர்ட். கப்பல் கம்பெனியின் செயலியில் படம் ஏற்றி, முகம் பதிவு செய்து, எல்லாம் பச்சையாக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசாவைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். சிங்கப்பூர் விசா இருக்கிறதா என்பதோடு அது முடிவதில்லை. கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருவதால், அந்த விசா பலமுறை நுழையக்கூடியதா, திரும்பும் தேதி வரை செல்லுமா என்று பார்ப்பார்கள். கப்பல் தொடும் மலேசியா, தாய்லாந்து துறைமுகங்களுக்கு என்ன கேட்கிறார்களோ அதையும் பார்ப்பார்கள். அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பயண வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எல்லோருக்கும் தெரியாதது பெயர்ச் சிக்கல். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இன்னும் சிலருக்கு இனிஷியல் விரிந்து பெயருக்கு முன்னால் நிற்கும். டிக்கெட் போடுகிறவர் ஆதாரைப் பார்த்து இனிஷியலோடு அடித்துவிட்டால், கப்பல் பட்டியலில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்று ஆகிவிடும். கவுன்டரில் இருப்பவரால் அதைத் திருத்த முடியாது. மேற்பார்வையாளர் மேசைக்கு அனுப்புவார். நடுப்பகலில் அந்த மேசைக்கே தனி வரிசை நிற்கும். இதைத் தீர்க்கும் இடம் டெர்மினல் இல்லை, ஏஜென்டின் கடை. கன்ஃபர்மேஷன் தாள் கைக்கு வந்த அன்றே பாஸ்போர்ட்டில் படமுள்ள பக்கத்தின் கடைசி இரண்டு வரிகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெயரில் சந்தேகம் இருப்பவர்கள் மூன்றாம் பந்தியை மறந்துவிட்டு முன்நேர ஸ்லாட்டே எடுக்க வேண்டும். திருத்தக் கையில் அவகாசம் இருக்கும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை நாட்டுக்குள் வரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். க்ரூஸ் முடிந்து திரும்பும்போதும் மறுபடி ஒன்று நிரப்ப வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு என்பதால் அதற்கும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

பேரன் பேத்தியைத் தாத்தா பாட்டி மட்டும் கூட்டிப் போனால் பெற்றோரின் சம்மதக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ராயல் கரீபியனில் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்ற மாட்டார்கள். பயணத்தின் எந்த நாளிலாவது கர்ப்பம் 24 வாரத்தைத் தொடுமானால் தாய்க்கும் இடமில்லை. அவ்வளவு தூரம் வந்து கவுன்டரில் இதைக் கேட்டுத் திரும்புவது கொடுமை.

கப்பலுக்குள் செலவுக்கு ஒரு கார்டை இணைக்கச் சொல்வார்கள். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்தே கிடக்கும். கோவையில் இருக்கும்போதே வங்கிச் செயலியில் ஆன் செய்துவிடுங்கள். ஓ.டி.பி. வருகிற சிம்முக்கு ரோமிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்டு இல்லையென்றால் ரொக்கம் கட்டி வைக்கலாம், அதற்குக் கப்பலுக்குள் இன்னொரு வரிசை.

பாதுகாப்புச் சோதனையில் நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் மின்கெட்டில், அயர்ன் பாக்ஸ், குட்டி ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றால்தான். இவற்றுக்கு அறையில் அனுமதியில்லை, தீப்பிடிக்கும் என்பதே காரணம். பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் எக்ஸ்-ரேயில் தெரிந்துவிடும். அந்தப் பெட்டி அறைக்கு வராது, மாலையில் பாதுகாப்பு அறைக்குப் போய்த் திறந்து காட்டி வாங்க வேண்டும். எட்டு மணியாகியும் பெட்டி வரவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் சுட்ட முறுக்கும் ஒப்புட்டும் வேண்டாம், பொட்டலமாகச் சீல் வைத்து விற்பதையே வாங்கிப் போங்கள். கப்பல் ஒருபுறம் இருக்கட்டும், சிங்கப்பூர் எல்லையிலேயே வேப் எனும் மின்சிகரெட், மெல்லும் புகையிலை, சூயிங் கம் எல்லாம் தடை. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட் கூட வரிவிலக்கு கிடையாது.

முதல் ஸ்லாட்டில் போகிறவர்களுக்குக் கிடைப்பது என்ன? காலியான நீச்சல்குளம், கூட்டமில்லாத பஃபே, ஷோக்களுக்கு முன்பதிவு. கிடைக்காதது அறை. அது 1 மணி, 1:30 வரை திறக்காது. அதுவரை தோளில் பையோடுதான் சுற்ற வேண்டும். பெரிய பெட்டி வந்து சேர மாலை ஆகிவிடும். எனவே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், மருந்துச் சீட்டு, ஒரு செட் மாற்றுத்துணி, நீச்சலுடை, பாஸ்போர்ட், நகை எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலின் பேனாவைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டின்போது தவிப்பவர்கள் உண்டு.

மூன்றாம் பந்திக்காரர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கப்பல் கிளம்புமுன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும். 2012-ல் கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலியக் கரையில் பாறையில் மோதிச் சாய்ந்த பிறகு சர்வதேச விதியே இறுகிவிட்டது. இப்போது பல கப்பல்களில் வீடியோவைக் கைபேசியில் பார்த்துவிட்டு, உங்களுக்குரிய கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். ஏறியதும் முதல் வேலையாக அதை முடித்துவிட்டு அறைக்குப் போங்கள். பஃபே மூடுவதற்கு முன் சாப்பிடவும் நேரம் இருக்கும்.

பிந்திப் போகலாம் என்றால் கடைசி நிமிடத்தில் போகலாம் என்று அர்த்தமில்லை. கவுன்டர் மூடும் நேரம் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும். பொதுவாகக் கிளம்பும் நேரத்துக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பு. பயணிகள் பட்டியலை அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டால் பிறகு சேர்க்க வழியில்லை. கப்பல் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தாலும் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது. 5 மணிக் கப்பலுக்கு 2:45-ஐத் தாண்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது சாதாரணம். அந்த நேரத்தில் கிராப் செயலியில் பதியும் வாடகை வண்டி எளிதில் கிடைக்காது, கட்டணமும் ஏறிவிடும். இன்னொன்று, அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். கைக்கடிகாரத்தை விமானத்திலேயே திருப்பிவிடுங்கள்.

டெர்மினலுக்குப் போக டாக்ஸிதான் சுலபம், ஆனால் சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான். நாலு பேரோடு நாலு பெரிய பெட்டி ஏறாது. ஆறு இருக்கை வண்டியாகப் பதியுங்கள். கைப்பை மட்டும் என்றால் எம்.ஆர்.டி. எனும் மெட்ரோ ரயில் போதும். நம்மவர்கள் தங்குவது பெரும்பாலும் லிட்டில் இந்தியா பக்கம். அங்கிருந்து வடகிழக்குத் தடத்தில் ஒரே ஸ்டேஷன், தோபி காட். அங்கே சிவப்புத் தடத்துக்கு மாறி நாலாவது ஸ்டேஷன் மரினா சவுத் பியர். அதோடு தடம் முடிகிறது, தவறவிட வழியே இல்லை. அங்கிருந்து நடந்துவிடலாம். பெரியவர்களை இப்படி நடத்திக் கூட்டிப் போக வேண்டாம். மதியச் சாப்பாட்டை லிட்டில் இந்தியாவின் செரங்கூன் சாலையிலேயே முடித்துவிடுங்கள், டெர்மினலில் நம் வாய்க்கு ஏற்றதாக அதிகம் கிடைக்காது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் கப்பல் கம்பெனியிடம் முன்பே எழுதி வையுங்கள். அது கப்பலில் ஏறுகிற வரைக்கும்தான், பயணம் முழுக்கக் கிடைக்காது.

விடியலில் சாங்கியில் இறங்கி அன்றைக்கே கப்பல் ஏறலாமா? கணக்குப்படி முடியும். சாங்கியிலிருந்து டெர்மினல் சுமார் 20 கிலோமீட்டர், டாக்ஸியில் அரை மணி. ஆனால் விமானமும் கப்பலும் தனித்தனி டிக்கெட். கோவையில் விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, விமானக் கம்பெனியும் பொறுப்பேற்காது. ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை கப்பல் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். முந்தைய நாளே போய்விடுங்கள். டீலர் டூரில் இதைத் தீர்மானிப்பது நீங்களில்லை என்றாலும், கம்பெனிக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: முதல் ராத்திரி ஹோட்டல் உண்டா, டெர்மினலில் பஸ் எத்தனை மணிக்கு இறக்கும்? ஒரு மணி என்று பதில் வந்தால், இரண்டேகாலுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குச் சென்னையும் கொச்சியும் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் ஓடத் தொடங்கியது. 1990-ல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல் அது. சிங்கப்பூர்க் கப்பல்களில் பாதிகூட இருக்காது, அதனால் வரிசையும் அந்த அளவுக்கே. அரபிக்கடல் பருவமழையில் கொந்தளிக்கும் மாதங்களில்தான் இந்தப் பக்கம் வரும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெப் செக்-இன் கட்டாயம், உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போன்ற அடையாள அட்டையின் அசல் வேண்டும். இலங்கை போகிற பயணம் என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. கோவையிலிருந்து காலை 6 மணி வந்தே பாரத்தில் ஏறினால் 11:50-க்கு சென்ட்ரல், துறைமுகம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் சுமார். திருப்பூர், ஈரோடு, சேலத்திலும் நிற்கும். 1:30-க்குப் பிந்திய ஸ்லாட்டுக்கு இது கச்சிதம். வாரத்தில் ஒரு நாள் ஓடாது என்பதை மறக்காதீர்கள். அதற்கு முந்திய ஸ்லாட் என்றால் சேரனிலோ நீலகிரியிலோ முந்தைய ராத்திரியே கிளம்பி, பெட்டியைப் பூட்டி சென்ட்ரல் க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டுப் போகலாம். துறைமுகத்துக்கு வாசல்கள் பல. உங்கள் டிக்கெட்டில் உள்ள வாசல் எண்ணை ஆட்டோக்காரரிடம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். கன்டெய்னர் லாரிகள் நிற்கும் ராஜாஜி சாலையில் தவறான வாசலில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது வெயிலில் ஆகாது.

கொச்சியில் வில்லிங்டன் தீவில் 2021-ல் திறந்த சாகரிகா டெர்மினல். கோவையிலிருந்து 190 கிலோமீட்டர்தான், கார் எடுத்துப் போய்விடலாம் என்று தோன்றும். குதிரான் சுரங்கம் வந்தபிறகு பாலக்காட்டுப் பக்கம் தொந்தரவில்லை. திருச்சூர் தாண்டி இடப்பள்ளி வரைதான் எங்கே எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. நாலரை மணி நேரத்துக்கு ஆறரை என்று கணக்கு வையுங்கள். ரயிலில் எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடிப்பது அதைவிட உறுதி. திரும்பி வரும்வரை காரை எங்கே நிறுத்துவது என்ற கவலையும் இல்லை.